கன்னத்துக்குள் வெள்ளைக் கோடு: சுகரா, பிரஷரா, மாத்திரையா?

கேள்வி: எனக்கு 56 வயது. குடியாத்தம் பக்கத்தில் கிராமம். 9 வருஷமாக சுகர். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 காலையில். 3 வருஷமாக பிரஷர், அடினோலால் 50. முழங்கால் வலிக்கு 2 வருஷமாக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி, வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறேன். ஒன்றரை வருஷமாக வாய் எரிச்சல். மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. இரண்டு கன்னத்து உள்பக்கமும் வெள்ளைக் கோடு கோடாக இருக்கிறது. கீழ் ஈறு சிவந்து தோல் உரிகிறது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, “லைக்கன் பிளானஸ் மாதிரி இருக்கு, சுகர் பிரஷர் இருக்கிறவங்களுக்கு வரும்” என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். சதை எடுத்துப் பார்க்கணும் என்றார்; பயந்து போகவில்லை. பக்கத்து வீட்டில், “பிரஷர் மாத்திரைதான் காரணம், நிறுத்து” என்கிறார்கள். இன்னொருவர் கேன்சர் என்கிறார். சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போடுவேன், புகையிலை கிடையாது. மாத்திரையை நிறுத்தலாமா? பேரனுக்கு நான்தான் ஊட்டுகிறேன், ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: அம்மா, அடினோலாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் அதற்குப் பழகிய இதயம், திடீரென்று அது கிடைக்காமல் போனால் படபடவென்று அடிக்கும். பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே ஏறும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். 9 வருஷம் சுகர் இருப்பவர்களுக்கு நெஞ்சு வலி காட்டாமலே அடைப்பு இருக்கக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை உங்களுக்கு இன்னும் கூடுதல். ஏற்கெனவே இரண்டு நாள் நிறுத்திப் பார்த்திருந்தால் இன்றே போய் பிரஷர் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுகர் மாத்திரைக்கும் இதே பேச்சுதான். ஆனால் பயமில்லாமல் நிறுத்தக்கூடிய மாத்திரை ஒன்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. யாரும் அதன்மேல் சந்தேகப்படவில்லை. அதற்கு வருகிறேன்.

லைக்கன் பிளானஸ் என்பது கிருமி நோய் அல்ல. நம் உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வாயின் உள்தோலில் அடிவரிசையில் இருக்கும் செல்களை வேற்றாள் என்று நினைத்துத் தாக்குகிறது. தாக்குதல் மெதுவாக நடக்கும் இடத்தில் மேல்தோல் தடித்து, இழைக்கோலம் போட்டதுபோல் வெள்ளைக் கோடுகள் பின்னிக்கொள்ளும். தாக்குதல் கடுமையான இடத்தில் தோல் மெலிந்து சிவக்கும், உரியும், புண்ணாகும். எரிவது இந்தச் சிவப்பு. வெள்ளைக் கோடு தனியாக இருந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. கிருமி இல்லாததால் பேரனுக்கு ஒட்டாது. தாராளமாக ஊட்டுங்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது.

சுகர், பிரஷர், வாய் லைக்கன் பிளானஸ் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதை 1960களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கிரின்ஸ்பான் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். அதனால் இந்த மூன்றும் சேர்ந்த கூட்டுக்கு கிரின்ஸ்பான் சிண்ட்ரோம் என்று பெயர். பெயர் வைத்துவிட்டதாலேயே ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று ஆகிவிடாது. ஐம்பது வயதுக்கு மேல் நம் ஊரில் எந்தத் தெருவில் கேட்டாலும் சுகரும் பிரஷரும் சேர்ந்தே இருக்கின்றன. லைக்கன் பிளானஸும் அதே வயதில் வரும் நோய். மூன்றும் ஒரே வீட்டில் தங்குவதற்கு உறவு இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், லைக்கன் பிளானஸ் உள்ளவர்களிடம் சுகர் ஓரளவு கூடுதலாகவே காணப்படுகிறது என்கிறார்கள். தனித்தனி ஆய்வுகளில் சில அப்படி எதுவும் இல்லை என்கின்றன. பிரஷரோடு நேரடித் தொடர்புக்கான சான்று இன்னும் மெலிது. வலுவான ஒரு விளக்கம் வேறொரு பக்கம் இருக்கிறது: இந்த இரண்டு நோய்க்கும் தரும் மாத்திரைகளில் சில, லைக்கன் பிளானஸைப் போலவே தோற்றமளிக்கும் புண்ணை வாயில் உண்டாக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டம்.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. அடினோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர்கள், எனலாப்ரில் வகை, தண்ணீர் பிரியவைக்கும் தயசைடு வகை ஆகிய பிரஷர் மாத்திரைகள், கிளிமிபிரைடு சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா என்ற சுகர் மாத்திரைக் குடும்பம் எல்லாம் அப்படிப் புண் உண்டாக்கும் மாத்திரைப் பட்டியலில் உண்டு. மெட்ஃபார்மினும் உண்டு, ஆனால் அபூர்வம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஈறைத் தடித்து வளரவைக்கும். அது வேறு சங்கதி, வெள்ளைக் கோட்டோடு குழப்பக்கூடாது. பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள்.

இங்கே தேதிக் கணக்குதான் பேசும். மருந்தால் வரும் வாய்ப்புண் பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தலைகாட்டும். சிலருக்கு ஒரு வருஷம்கூடத் தாண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் 9 வருஷமாக உள்ளே போகிறது, அது மேல் சந்தேகம் குறைவு. அடினோலால் தொடங்கி ஒன்றரை வருஷம் கழித்து எரிச்சல், சந்தேகிக்கலாம். வலி மாத்திரை தொடங்கி ஆறே மாதத்தில் எரிச்சல். முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கிளிமிபிரைடு எப்போது சேர்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சீட்டைத் தேடிப் பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரையை மெடிக்கலில் அட்டை வெட்டித் தரும்போது பெயர் அச்சான பக்கம் பல தடவை கடையிலேயே நின்றுவிடும். பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக வீட்டுக்கு மாத்திரை வந்தால், மாற்றிக் கொடுக்கும் மாதத்தை அவர்கள் தரும் அட்டையில் உங்கள் கையாலேயே குறித்துவிடுங்கள்.

வலி மாத்திரையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சுகர்காரர்களின் கிட்னிக்கும் நல்லதல்ல. நடப்பது என்னவென்றால், முழங்காலுக்கு மாத்திரை, அதனால் பிரஷர் ஏறி பிரஷருக்கு இன்னொரு மாத்திரை, வாயில் எரிச்சல் வந்ததும் அதற்கொரு களிம்பு. முதல் மாத்திரையை யாரும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், சீட்டில் எழுதாமல் கடையில் வாங்கியதால். நீங்கள் அதை நிறுத்துவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் 500 போடலாம். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். அதோடு தொடைத் தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, எண்ணிப் பத்து வரை நிறுத்தி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும்.

நிறுத்தியதும் மறுநாளே எரிச்சல் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாரங்கள் ஆகும், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரையை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. வலி மாத்திரையை விட்டு மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், பொது மருத்துவரிடம் தேதிக் கணக்கைக் காட்டி, அடினோலாலுக்குப் பதிலாக வேறு வகை தர முடியுமா என்று கேளுங்கள். அவர் அதைப் படிப்படியாகக் குறைத்து மாற்றுவார். மாதம் ஒரு தடவை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கன்னத்தையும் ஈறையும் வீட்டில் யாரையாவது விட்டு மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நினைவை நம்பினால் “கொஞ்சம் பரவாயில்லை” என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் சொல்ல வராது.

வெற்றிலை பாக்கு விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாக்கை ஒதுக்கிவைக்கும் இடத்தில் அலை அலையாய் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பார்த்தால் லைக்கன் பிளானஸ் மாதிரியே இருக்கும், பாக்கை விட்டால் மங்கிவிடும். உங்களுக்கு இரண்டு பக்கமும் கோடு, ஈறிலும் சிவப்பு; அதனால் பாக்கு மட்டும் காரணம் என்று தோன்றவில்லை. ஆனாலும் எரிகிற தோல்மேல் சுண்ணாம்பும் பாக்கும் வேண்டாம், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே வாய்ப்புற்றை உண்டாக்கக்கூடிய பொருள்தான். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வாயை முழுதாகத் திறந்தால் உங்களுடைய மூன்று விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழைகின்றனவா? நுழையாமல், கன்னம் வெளிறி உள்ளே நார் மாதிரி இறுகியிருந்தால், அது பாக்கால் வரும் வாய் இறுக்கம். அதற்கும் எரிச்சல்தான் முதல் அறிகுறி. அப்படியானால் சிகிச்சையே வேறு. கோட்டுக்கு நேராக உரசும்படி பழைய வெள்ளி நிறப் பல்லடைப்பு ஏதாவது இருந்தால் அதையும் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சதைப் பரிசோதனைக்குப் பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அதைத் தள்ளிப் போடுவதற்கு. மரத்துப்போகும் ஊசி போட்டு, நாலைந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல். ஈறு உரிவதால் உங்களுக்கு ஒன்றை முக்கியமாகக் கேட்கச் சொல்வேன்: பெம்பிகஸ், பெம்பிகாய்டு என்ற கொப்புள நோய்களிலும் ஈறு இதேபோல் உரியும். அவற்றைக் கண்டுபிடிக்க இன்னொரு துண்டை, வழக்கமான ஃபார்மலின் திரவத்தில் போடாமல், தனி திரவத்தில் அனுப்பும் ஒளிர்சோதனை உண்டு. ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தச் சோதனைக்கு அது உதவாது. அதனால் சதை எடுப்பதற்கு முன்பே “இரண்டு டப்பா அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். வேலூரில் சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவும் தோல் பிரிவும் இருப்பதால் அங்கே போனால் வசதி. களிம்பு தடவிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள். சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் மங்கலாக வரும். சதை எடுக்கும் அன்று காலை டிபன் சாப்பிட்டு, சுகர், பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுக்கொண்டு போங்கள். “ஆபரேஷன்” என்று நினைத்து வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு மட்டும் போட்டுக்கொண்டு குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வரிசையில் உட்கார்ந்தே சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியவர்கள் உண்டு. பிரஷர் 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் அன்று சதை எடுப்பதைத் தள்ளிவைப்பார்கள்.

களிம்பு, உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, 0.1 சதவீதம் பசை வடிவில் இருக்கும். தடவும் முறையில்தான் பாதிப்பேர் தவறு செய்கிறார்கள். சாப்பிட்டு வாய் கொப்பளித்தபின், சுத்தமான துணி அல்லது பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரத்தின்மேல் இது பிடிக்காது. கடலைப் பருப்பளவு விரல் நுனியில் எடுத்து, வைத்து அழுத்துங்கள். தேய்க்கக்கூடாது. தேய்த்தால் பசை மணல் மாதிரி உதிர்ந்து போய்விடும், “இந்த மருந்து வேலை செய்யலை” என்று சொல்ல வேண்டி வரும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, அதில் ஒன்று படுக்கப்போகும்போது. தடவிய அரை மணி நேரத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம். எரிச்சல் பரவலாக இருந்தால் பீட்டாமெதசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 0.5 மி.கி. மாத்திரையை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து, வாயில் மூன்று நிமிடம் வைத்துத் துப்பச் சொல்வார்கள், விழுங்கக்கூடாது. ஈறு மட்டும் பிரச்சினை என்றால் அளவெடுத்த மெல்லிய கவசத்தில் மருந்தை வைத்து ஈறோடு ஒட்டவைப்பதும் உண்டு. இது பல் டாக்டர் எழுதித் தரவேண்டிய முறை. எரிச்சல் இல்லாத வெள்ளைக் கோட்டுக்கு மருந்தே வேண்டாம்.

களிம்பு தடவத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கோட்டுக்குப் பதில் தயிர்த் திரை போல் வெள்ளைப் படலம் வந்து, துணியால் வழித்தால் வந்துவிட்டால் அது காளான் தொற்று. சுகர் கூடியிருந்தால் இது சுலபமாக வரும். க்ளோட்ரிமசோல் வாய் மருந்து போட்டால் அடங்கும். ஸ்டீராய்டை மட்டும் தொடர்ந்து தடவினால் மோசமாகும். லைக்கன் பிளானஸின் கோடு எவ்வளவு வழித்தாலும் போகாது என்பது இரண்டையும் பிரித்தறிய எளிய வழி.

ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது ப்ரெட்னிசலோன், உங்களுக்கு யாராவது எழுதினால் “நான் சுகர், பிரஷர் பேஷன்ட்” என்று இரண்டு தடவை சொல்லுங்கள். அவசியம் வந்தால் கொடுப்பார்கள், அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் போடும் ஸ்டீராய்டு, மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். காலை வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் பார்த்துவிட்டு “எல்லாம் நார்மல்” என்று இருந்துவிட்டால் சாயங்காலம் 300 ஓடுவது தெரியாது. அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், மாலையிலும் விரலில் குத்திப் பாருங்கள். பிரஷரும் வாரம் இரண்டு முறை. கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் நான் பார்க்கும் பெரிய தவறு வேறு. வாய் எரிந்தால் ஆட்கள் மூன்று வேளையும் கஞ்சி, பிரெட், பால், இளநீர் என்று மாறிவிடுகிறார்கள். சுகர் ஏறுகிறது, வாய் உலர்கிறது, காளான் சேர்கிறது, எரிச்சல் கூடுகிறது. அதைவிட இட்லிக்குக் காரமில்லாத பாசிப்பருப்பு சாம்பார், கெட்டியான கேழ்வரகுக் களியை ஆறவைத்துக் கீரைக் கடைசலோடு, மதியம் அளவாகத் தயிர்சாதம், சுரைக்காய், முட்டை. புளி, ஊறுகாய், தக்காளி, சூடானவை எல்லாம் சற்றுத் தள்ளியிருக்கட்டும். முறுக்கு, வறுத்த கடலை மாதிரி குத்துகிற பண்டமும் வேண்டாம். உரசும் இடத்தில் லைக்கன் பிளானஸ் மேலும் கிளம்பும் குணம் உள்ளது. ஆம்பூர் பிரியாணிக்கு வரும் கத்திரிக்காய்த் தொக்கையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். வேலூர் வெயிலில் மே மாதம் வாய் வறண்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். நீர்மோரும் தண்ணீரும் அடிக்கடி ஒரு மிடறு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அது லைக்கன் பிளானஸை மாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம். வாயில் தேன் தடவுவது சுகர்காரர்களுக்கு எதற்கு?

ஈறு உரிகிறது என்று பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். காறை சேர்ந்தால் ஈறு இன்னும் சிவக்கும். மிருதுவான பிரஷ், நுரை அதிகமில்லாத, புதினா, கிராம்பு, பட்டை வாசனை இல்லாத பேஸ்ட். சிவப்புப் பல்பொடி, உப்பு, கரி எல்லாம் விலகட்டும். காறையை எடுக்க டாக்டரிடம் ஒரு தடவை போய்விட்டால் களிம்பும் நன்றாக வேலை செய்யும்.

ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் நீண்ட காலம் போட்டால் அது குறையும். குறைந்தால் நாக்கு வழவழப்பாகிச் சிவந்து தனியாக எரியும். 9 வருஷம் போட்ட உங்களுக்கு இது வெறும் யூகமல்ல, இருக்கக்கூடிய காரணம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஹீமோகுளோபின் இரண்டையும் அதே ரத்தத்தில் கேட்கலாம். பி12 குறைவு என்றால் அதற்கு ஊசியோ மாத்திரையோ போடுவார்கள். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை.

கேன்சர் என்ற சொல்லுக்கு நேராகப் பதில்: வாய் லைக்கன் பிளானஸ் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, பல வருஷ ஓட்டத்தில், வாயின் இந்த உள்தோல் புற்றுநோயாக மாறியிருக்கிறது. சிவப்பும் புண்ணும் உள்ள வகையில், நாக்கின் ஓரத்தில் கவனம் கூடுதல் வேண்டும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டச் சொல்கிறோம், எரிச்சல் இல்லாவிட்டாலும். இடையில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருப்பது, ரத்தக் கசிவு, நாக்கு மரத்துப்போவது, கழுத்தில் கட்டி என்று ஏதாவது தெரிந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிற ஒன்று மீதி இருக்கிறது. இந்த நோய் மணிக்கட்டில் அரிக்கும் ஊதாப் புள்ளிகளாகவும், நகத்தில் கோடாகவும், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் எரிச்சலாகவும் வருவதுண்டு. ஈறு உரிகிறவர்களிடம் இந்தக் கடைசி இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோறு விழுங்கும்போது நெஞ்சில் நிற்பது போல் இருந்தாலும் சொல்லுங்கள். பெண் டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சதைப் பரிசோதனைச் சீட்டோடு இதையும் ஒரே வரவில் முடித்துவிடலாம்.